இடது மோட்டார்

திரை கறுத்துப்போவதற்கு முன்னால் படம் இடது பக்கமாகத் திரும்பியது, அதை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நடுவில் கஸ்பார் மச்சானின் முகம் இருந்தது. முகக்கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் சிரித்தன, ஒரு சங்கைத் தூக்கிக் காட்டினார், அப்புறம் அந்த முகம் வலப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது, மஞ்சளாக ஒன்று கேமராவுக்குக் குறுக்கே வந்தது, மணல் கிளம்பியது, அவ்வளவுதான். மஞ்சளாக ஒன்று. என்னவென்று தெரியாத மாதிரி ஒன்று என்கிறேன். இந்த வள்ளத்திலிருந்து கடலுக்குள் இறங்குவது மூன்று: மச்சான் இடுப்பில் கட்டிய கயிறு, அது வெள்ளை, நான் செய்த எந்திரத்துக்குப் போகும் கேபிள், அது கறுப்பு, கம்ப்ரசரிலிருந்து மச்சான் வாய்க்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸ், அது மஞ்சள். என் எந்திரம் அக்கா புருஷனுடைய மூச்சைச் சுற்றிக்கொண்டுவிட்டது. இதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், சொன்ன பிறகும் வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருக்கிறது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, கடல் அலுங்காமல் கிடக்கிறது, சூசை அண்ணன் கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறார். இந்த நேரத்தில் ஒரு மனுஷனால் எப்படிச் சுண்ணாம்பு தடவ முடிகிறது. அவருக்கு எப்படித் தெரியும், நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ரிமோட்டின் இரண்டு குச்சியிலிருந்தும் விரலை எடுத்துவிட்டேன். எடுத்தால் குச்சி நடுவுக்கு வரும், நடு என்றால் நில் என்று அர்த்தம். ஆனால் திரை கறுத்தது என்றால் கேபிள் பிடுங்கிக்கொண்டது, நான் இங்கே நில் என்பது அங்கே போய்ச் சேராது. சேராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த எந்திரத்தின் மூளைக்கு எழுதிவைத்தவனும் நான்தான். கடைசியாகச் சொன்னதையே செய்துகொண்டிரு என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினாய் ரூபன் என்று யாராவது கேட்டால், நான் கல்யாண வீடுகளில் டிரோன் பறக்கவிட்டுப் பிழைக்கிறவன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆகாயத்தில் ஒரு நொடி சிக்னல் போனதற்காக மோட்டார் நின்றால் டிரோன் நேராகப் பந்தியில் சாம்பார் வாளிக்குள் இறங்கும். அந்தப் பயம் கையில் ஊறிவிட்டது. தண்ணீருக்குள் நின்றால் எதுவும் விழாது, சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தோன்றவில்லை. வட்டம் அடித்ததும் அதே பழக்கம்தான். பொண்ணும் மாப்பிள்ளையும் கோயில் படியில் இறங்கியதும் அவர்களைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பேன், ஆல்பத்தில் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். மச்சான் சங்கைத் தூக்கிக் காட்டிச் சிரித்த உடனே என் கட்டைவிரல் தானாக வட்டத்துக்குப் போய்விட்டது. கோயில் படியில் நிற்கிற மாப்பிள்ளையின் வாயிலிருந்து ஹோஸ் எதுவும் மேலே போவதில்லை.

இடது. படம் இடப்பக்கம் திரும்பினால் வலது மோட்டார் ஓடுகிறது, இடது மோட்டார் சிக்கி நிற்கிறது. ஆக, ஹோஸ் இடது மோட்டாரில். இடது மோட்டாருக்கு நான் வைத்த ஈஎஸ்சி எது. பிரஷ் இல்லாத மோட்டாருக்கு மூன்று வயர், அந்த மூன்றுக்கும் முறைவைத்து மின்சாரம் விடுகிற மேஸ்திரி ஈஎஸ்சி, எவ்வளவு வேகம் எந்தத் திசை என்று மோட்டாருக்குச் சொல்வது அதுதான். சிவப்பு உறை போட்டது படகுக்கென்று விற்பது. காற்றாடி எதிலாவது சிக்கினால் ஒருமுறை முட்டிப் பார்க்கும், முடியாது என்று தெரிந்தால் படுத்துவிடும், நல்ல பிள்ளை. நீல உறை போட்டது என் டிரோனிலிருந்து கழற்றியது. ரோஷக்காரன். சிக்கினால் உலுக்குவான், மறுபடி உலுக்குவான், பேட்டரி சாகிறவரைக்கும் விட மாட்டான். சிவப்பாகத்தான் மூன்று வாங்கினேன், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, மேலே கீழே போவதற்கு ஒன்று. தொட்டியில் சோதித்தபோது ஒன்றைப் புகையவிட்டேன், அதற்குப் பதிலாக நீலத்தைப் போட்டேன், தண்ணீர் புகக்கூடாதென்று மூன்றையும் கறுப்பு ரெசினில் முக்கி எடுத்தேன். முக்கிய பிறகு சிவப்பும் கிடையாது நீலமும் கிடையாது, மூன்றும் கருப்பட்டித் துண்டு மாதிரி காய்ந்தன. எதை எங்கே வைத்தேன். அமலி அக்கா டீ கொண்டுவந்தாள். நான் ஒரு கையில் டீயை வாங்கினேன், இன்னொரு கையில் நீலம் இருந்தது, அதை அப்படியே எந்திரத்தில் அந்தக் கைப்பக்கம் இருந்த பள்ளத்தில் வைத்தேன். டீ வலது கையில் என்றால் நீலம் இடது. டீயை யாராவது இடது கையில் வாங்குவார்களா. வேலை நடுவில் வாங்குவார்கள். எந்திரம் குப்புறக் கிடந்ததா, நிமிர்ந்து கிடந்ததா, குப்புறக் கிடந்தால் இடது வலதாகிவிடும். டீ சூடாக இருந்தது, விரலைச் சுட்டது, எந்த விரலை.

“சூசையண்ணே, மச்சான் ஹோசு என் மிசின்ல மாட்டிக்கிட்டு.” இது என் குரல்தான். சூசை அண்ணன் வெற்றிலையை அப்படியே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “என்ன தம்பி சொல்லுத?” மறுபடியும் சொன்னேன், இரண்டாம் முறை சொல்லும்போது அது நிஜமாகிவிட்டது. அவர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். வள்ளத்தின் ஓரத்தில் தளர்ந்து வளைந்து கிடக்க வேண்டிய ஹோஸ் விறைத்து நின்றது, அதில் ஒரு துடிப்பு இருந்ததா, என் கண் துடித்ததா தெரியவில்லை. கம்ப்ரசரின் சத்தம் மாறிவிட்டது. காற்று போக வழி இல்லாமல் முக்குகிறது. அதற்கு மேல் தள்ளினால் ஓரத்து வால்வு சீறும், இப்போது சீறுகிறது. வால்வு சீறினால் கீழே இருப்பவனுக்குக் காற்று போகவில்லை. மச்சான் ஒரு மூச்சுக்கு எவ்வளவு நேரம் தாங்குவார். முன்னெல்லாம் கம்ப்ரசரே இல்லாமல் ஒரே மூச்சில் இந்தப் பார்மேல், கடலடிப் பாறைமேல், நடந்து திரிந்தவர், இளமையில். இப்போது காது சரியில்லை, நெஞ்சிலும் சளி கட்டியிருக்கிறது, இன்றைக்குக் காலையில்கூட இருமினார். தாங்குவார். எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்காதே.

அந்தக் காதுக்காகத்தான் இந்த எந்திரமே. டாக்டர் சொல்லிவிட்டார், காதுச் சவ்வு நைந்துபோயிருக்கிறது, இன்னும் முங்கினால் போய்விடும் என்று. அக்கா அழுதாள், சண்டை போட்டாள், அப்புறம் என்னிடம் வந்தாள். “நீ ஆகாசத்துல விடுத பொம்மைய கடலுக்குள்ள விடேன்டா. அது போயி சங்கு எங்க கெடக்குன்னு பாத்துட்டு வரட்டும். இவுக போவாண்டாம்.” பொம்மை என்றாள், ஆனாலும் அவள் சொன்னது சரியான யோசனை. மச்சான் சிரித்தார். உன் மிசின் எனக்கு முன்னால சங்கக் கண்டுபிடிச்சிட்டா நான் கரையிலயே இருந்துக்கிடுதேன், ஒரே ஒரு நாள் ரெண்டு பேரும் சேந்து எறங்குவோம் என்றார். அந்த ஒரே ஒரு நாள்தான் இது. எத்தனை மோட்டாரைப் பார்த்தேன் இதற்காக. டிரோன் மோட்டாருக்குக் கேவி அதிகம், ஒரு வோல்ட்டுக்கு இத்தனை சுற்று என்று கணக்கு, காற்று லேசு என்பதால் அது பறந்து பறந்து சுற்றும். தண்ணீரில் அதே மோட்டாரைப் போட்டால் தண்ணீரைக் கடைந்து நுரைதான் வரும், நகராது, சூடாகிச் சாகும். தண்ணீருக்கு வேகம் வேண்டாம், இழுவை வேண்டும், கேவி குறைவு, உடம்பு பருமன், காந்தம் அழுத்தமாக. அப்படித் தேடித் தேடி எடுத்த மோட்டார். தொட்டித் தண்ணீரில் ஓடவிட்டு மச்சான் தடித்த கையுறை போட்ட கையால் காற்றாடியைப் பிடித்தார். பிடித்ததும் கை சுழன்று போனது. “மாட்டுக்கன்னு மாதிரில்லா இழுக்கு” என்றார். எனக்கு வாயெல்லாம் பல். மூன்று வயரில் எந்த இரண்டை மாற்றிக் கொடுத்தாலும் திசை மாறிவிடும் என்று மாற்றிக் காட்டினேன். “நம்ம வீட்டுல ஒரு வயரும் மாத்தாண்டாம், உங்கக்கா ஒரு பார்வை பாத்தா நான் திசை மாறிருவேன்” என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்த இழுவைதான் இப்போது கீழே அவருடைய ஹோஸை முறுக்கிக்கொண்டிருக்கிறது. தேடித் தேடி எடுத்தேன். காற்றாடிக்குக் கூண்டு ஒன்று செய்து மாட்டினேன், பாசி அடைக்கிறது என்று நானே கழற்றியும் விட்டேன்.

“அண்ணே, கயிறு என்ன சொல்லுது?” என்றேன். கயிறு பேசும். கீழே இருந்து ஒரு சுண்டு சுண்டினால் சுகமாக இருக்கிறேன், இரண்டு சுண்டினால் தூக்கு. மேலே இருந்து ஒரு சுண்டு சுண்டினால் எப்படி இருக்கிறாய், பதில் சொல். “ஒண்ணும் சொல்லல தம்பி, சும்மாதான் கெடக்கு” என்றார் சூசை அண்ணன், சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தார், நானும் பார்த்தேன். கயிறு அவர் கையில் இல்லை. வள்ளத்து முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடந்தது. வெற்றிலை போடுவதற்காகச் சுற்றி வைத்திருக்கிறார். மரத்தில் கட்டின கயிறு என்ன சொல்லும். அவர் மேல் கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே என் பக்கம் திரும்பிக்கொண்டது. சங்கு குளிக்கிறவனின் கயிற்றைப் பெண் கொடுத்தவன்தான் பிடிக்க வேண்டும். யார் எழுதி வைத்த சட்டமோ தெரியாது, எங்கள் கடலில் இதுதான் முறை. கூலிக்குப் பிடிக்கிறவன் கண் அயரலாம், பங்காளி பிடித்தால் அவனுக்குச் சொத்து ஞாபகம் வரலாம், மச்சினன் மட்டும் அயர மாட்டான், கூடப்பிறந்தவள் தாலி அந்தக் கயிற்றின் நுனியில் இருக்கிறது. அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து கஸ்பார் மச்சான் இறங்குகிறபோதெல்லாம் கயிறு என் கையில்தான். கல்யாண சீசனில் நான் டிரோனோடு ஊர் சுற்றினால் அவர் முங்கப் போக மாட்டார், வலை வேலை ஏதாவது பார்த்துக்கொண்டு கரையில் கிடப்பார். இன்றைக்கு எனக்கு இரண்டு கையும் ரிமோட்டில். கயிற்றை நீட்டி, அண்ணே, இத செத்த நேரம் பிடிங்க என்றேன். மச்சான் தண்ணீருக்குள் போகும் முன் அதைப் பார்த்தார்.

முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன், விரல்கள் யாருடையவோ மாதிரி வேலை செய்தன. ஒரு சுண்டு சுண்டினேன். எப்படி இருக்கிறீர்கள் மச்சான். கயிறு சும்மா இருந்தது. எந்திரம் பாறையில் சிக்கி, ஹோஸ் எந்திரத்தில் சிக்கி, மச்சான் ஹோஸில் சிக்கியிருந்தால் இழுப்பது நல்லதா கெட்டதா. இழுத்தால் ஹோஸ் வாயைவிட்டுப் பிடுங்கிக்கொள்ளும், இழுக்காவிட்டால் அதே ஹோஸால் ஒன்றும் பயனில்லை. சிவப்பாக இருந்தால் மோட்டார் இந்நேரம் படுத்திருக்கும், மச்சான் கையால் பிரித்துவிடுவார். நீலமாக இருந்தால் கை வைத்த விரலையும் சேர்த்து இழுக்கும். மாதாவே, சிவப்பாக இருக்கட்டும். ரெசினுக்குள் காய்ந்து கிடக்கிற ஒன்றை இப்போது மாற்றச் சொல்லி வேண்டுகிறேன், எனக்கே தெரிகிறது. அப்போது வள்ளத்துக்கு வெளியே கடல் கொதித்தது. சின்னக் குமிழிகள் இல்லை, உலைத்தண்ணீர் மாதிரி பொங்கி, வெள்ளையாக, ஒரே இடத்தில். கம்ப்ரசர் முக்குவதை நிறுத்திவிட்டு லேசாக ஓட ஆரம்பித்தது. “ஹோசு அத்துட்டு” என்றார் சூசை அண்ணன். அறுந்துவிட்டது. மச்சானின் வாய்க்குப் போக வேண்டிய காற்று முழுவதும் என் கண்முன்னால் வந்து வெடித்துக்கொண்டிருக்கிறது. அக்கா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள். மீன் கழுவுவாள். டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். அவளுக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

இழுத்தேன். கனம் இல்லை. ஆளைத் தூக்கும்போது எப்படிக் கனக்கும் என்று என் தோளுக்குத் தெரியும், எத்தனை வருஷத்துப் பழக்கம், அந்தக் கனம் இல்லை, ஈரக் கயிறு மட்டும் பாரமில்லாமல் வந்துகொண்டே இருந்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அவர் கீழே இருக்கிறார், கயிறு மட்டும் வருகிறது. கையை மாற்றி மாற்றி இழுக்கிறேன், காலடியில் கயிறு குவிகிறது, நான் என்ன இழுக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை. நுனி வந்துவிட்டால் என்ன செய்வேன். நுனி வெறுமையாக வந்துவிட்டால் அதை அக்காவிடம் எப்படிக் கொண்டுபோவேன். சூசை அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்க நின்றார். கயிறு திடீரென்று திசை மாறி வள்ளத்துக்கு அடியில் போனது. எனக்குப் பின்பக்கம் ஒரு சத்தம் கேட்டது, ஒரு மனுஷன் இத்தனை காற்றையும் ஒரே வாயில் விழுங்கப் பார்க்கிற சத்தம்.

மச்சான் அந்தப் பக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். கயிறு இடுப்பிலேயே இருந்தது, முடிச்சு இம்மியும் அவிழவில்லை. நான் இழுக்கிற வேகத்தைவிட அவர் வேகமாக ஏறி வந்திருக்கிறார், அதனால்தான் கனம் இல்லை, இதை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். வலது கையில் கத்தி. ஹோஸை அறுத்தது அவர்தான், வாயில் இருந்த கடைசி மூச்சோடு மேலே வந்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி உள்ளே போட்டோம். குப்புறப் படுத்து இருமினார், உப்புத்தண்ணீராக வந்தது, அப்புறம் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு காதிலிருந்தும் ரத்தம் மெல்லிசாகக் கழுத்துவரைக்கும் இறங்கியிருந்தது. “கயித்த யாரு பிடிச்சா மாப்ள?” என்றார். என் எந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இதைத்தான் முதலில் கேட்டார். “நான்தான்... இல்ல மச்சான். அண்ணன்ட்ட கொடுத்திருந்தேன். அவரு முளையில சுத்திட்டாரு” என்றேன். “என்ன?” என்றார். மறுபடி சொன்னேன். “என்ன? நீ வாய மட்டும்லா அசைக்க.” நான் கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன். அவர் என் வாயையே பார்த்தார், அப்புறம் விரலால் காதைத் தொட்டு, விரலில் இருந்த சிவப்பைப் பார்த்தார். “ஒண்ணுமே கேக்கல மாப்ள” என்றார் சாதாரணமாக. அக்கா கேட்டது கிடைத்துவிட்டது, மச்சான் இனிமேல் முங்கப்போவதில்லை.

சூசை அண்ணன் கறுப்புக் கேபிளைப் பிடித்து இழுத்தார், உள்ளே வயர் பிடுங்கியிருந்தாலும் உறை விடவில்லை, அதன் நுனியில் எந்திரம் வந்தது, ஒரு பக்கம் பாசி அப்பியிருந்தது. வள்ளத்துக்குள் போட்ட பிறகும் அது ஓயவில்லை. மஞ்சள் ஹோஸ் இடது மோட்டாரில் நார் நாராக இறுகியிருந்தது, அதற்குள் காற்றாடி டக், டக் என்று உலுக்கிக்கொண்டிருந்தது, நின்று, மறுபடி உலுக்கி, நின்று, மறுபடி. நீலம். டீ வலது கையில்தான் இருந்திருக்கிறது. எத்தனை தெளிவாக இப்போது தெரிகிறது, அக்காவின் நைட்டியில் இருந்த பூ முதற்கொண்டு. பேட்டரி மூடியைத் திருகிப் பிடுங்கி எறிந்தேன், சத்தம் நின்றது. மச்சான் அந்த மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த டக் டக்கும் கேட்டிருக்காது, அது நின்றதும் தெரிந்திருக்காது.

அவரிடம் என்ன சொல்வது, எதில் சொல்வது. கயிறு இன்னும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது, ஒரு நுனி அவர் இடுப்பில், என் பக்கத்து முனை என் காலடியில். எடுத்து ஒரு சுண்டு சுண்டினேன். எப்படி இருக்கிறீர்கள் மச்சான், பதில் சொல்லுங்கள். அவர் இடுப்பைக் குனிந்து பார்த்தார். கயிற்றைப் பிடித்தார். ஒரு சுண்டு வரும், சுகம் என்று, அதற்காகக் கையை விரித்து வைத்துக் காத்திருந்தேன். அவர் இரண்டு முறை சுண்டினார். வள்ளத்துக்குள் என் எதிரே உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இரண்டு முறை. தூக்கு என்று கீழே இருந்து இதைத்தான் சொல்லியிருக்கிறார், அதுதான் முளைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் அந்தக் கயிற்றை இழுக்க ஆரம்பித்தேன். இழுக்க அங்கே எதுவும் இல்லை, இரண்டு முழம்தான் இருந்தது, ஆனாலும் கை மாற்றிக் கை மாற்றி, கடலில் இழுப்பது மாதிரியே, அவர் இடுப்புவரைக்கும் இழுத்தேன்.